எடைமேடைக்காரியின் ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் எனக்கு லாரிதான்.
செம்பனைக் குலைகளோடு மேடையேறும்,
ஒருமுறை குலுங்கி நிற்கும்.
பதினொரு டன், முந்நூற்று நாற்பது கிலோ.
இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டி.
கழித்தால் கிடைப்பது கணக்கு.
கழித்தல்தான் என் உத்தியோகம்.

ஏழாம் நாள் விடிவதற்கு முன்
பழைய ஈய லம்பக் குளத்துக்கு மோட்டாரில் போகிறேன்.
ஈரநிலப் பூங்கா என்று இப்போது பெயர்.
பலகை வைத்திருக்கிறார்கள், பலகையில் கொக்கு.
கொக்குக்கு மூன்று கால்.
மூன்றாவது கோரைத்தண்டு என்று
வரைந்தவர் இன்றுவரை சாதிக்கிறார்.

கோரைக்குக் குறுக்கே வலை.
இருட்டில் வலையும் இருட்டு.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வீரபெருமாள் சிக்கலெடுக்கிறார்,
முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியாகத் தலை.
டிராக்டருக்குச் சங்கிலி மாட்டும் அதே விரல்கள்.
பறவைக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.
மீன்கொத்தி போடும். போட்ட இடத்தில்
என் கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்டர்.

இன்று வந்தவை தகைவிலான்கள்.
இவற்றின் உறவுகள் வங்கிக்கு எதிரே
மின்கம்பியில் தோளோடு தோள் உட்கார்ந்து
கார்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கின்றன.
ரொட்டிக்கடை லத்தீப் குடைபிடித்துத்தான் கதவு திறக்கிறார்.
டவுனில் இடம் கிடைக்காதவை
கோரையில் தூங்குகின்றன.

சுஹைலா வாங்கிக்கொள்கிறாள்.
இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு கழுத்து.
வயிற்றில் மெல்ல ஊதுகிறாள். இறகு விலக,
தொண்டைக்குழியில் மஞ்சளாய்க் கொழுப்பு.
‘கட்டுச்சோறு’ என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
‘பெக்கால்’ என்றதும் சிரித்தாள்.

வடக்கே எங்கோ வசந்தமாம்.
எங்களிடம் அந்தப் பருவம் இல்லை.
மழை உண்டு, மழையில்லாதது உண்டு,
புகைமூட்டம், பள்ளி விடுமுறை.
யாருக்கோ வரப்போகும் வசந்தத்துக்கு
எங்கள் கொசுக்களைத் தின்று
இங்கே கொழுக்கிறது மார்ச்.

பிலிம் டப்பாவில் தலைகீழாய் இட்டு நிறுத்தேன்.
பத்தொன்பது கிராம், புள்ளி நான்கு.
டப்பாவின் எடையைக் கழித்தாயிற்று.

வளையம். குறடு. ஒரு சின்னக் ‘கிளிக்’.
அவள் எண்ணைச் சொல்ல, நான் எழுத,
சரிபார்ப்பதற்காக வீரபெருமாள் திருப்பிச் சொல்கிறார்:
ஏழு, சைபர், சைபர், நாலு, ரெண்டு.
வலையிலிருந்து வானம்வரை
எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

அவருக்கு வயது நாற்பத்தொன்பது.
பையில் சிகப்பு ஐசி.
நீலத்துக்கு நான்காம் முறை எழுதிப் போட்டிருக்கிறார்.
பிறந்த தோட்டம் இரண்டு கம்பெனி கைமாறி
இப்போது அங்கே டோல் சாவடி.
அன்று அவர் அதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை.
கடைசி இலக்கத்தில் மட்டும்
கொஞ்சம் நின்றுவிட்டுச் சொன்னார்.

ஆறாவது பறவையின் காலில் ஏற்கெனவே வளையம்.
தேய்ந்து, ஓரம் மழுங்கி.
பழைய நோட்டைப் புரட்டினேன்.
இரண்டு வருடத்துக்கு முன், இதே மூன்றாம் வலை,
என் கையெழுத்து, பக்கத்தில் காப்பிக் கறை.
இரண்டு முறை போய், இரண்டு முறை வந்து,
அதே கோரை.

‘அட, நம்ம ஊர்க்காரன்!’ என்றார் வீரபெருமாள்.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
வலசை, அல்லது நிரந்தரவாசி.
பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.
சுஹைலா காத்திருந்தாள்.
வலசை என்றே எழுதினேன்,
எழுத வேண்டியது அதுதான்.
அவர் எட்டிப் பார்த்தார்,
பிறகு வலையைச் சுருட்டப் போய்விட்டார்.

உள்ளங்கையைத் திறந்தேன்.
அது உடனே போகவில்லை.
வெயில் கொஞ்சம் ஏறட்டும் என்பதுபோல் இருந்தது,
அப்புறம் இல்லை.

திங்கள், ஏழு மணி, முதல் லாரி.
இந்த மேடை பத்துக் கிலோவுக்குக் குறைந்த
எதையும் காட்டாது.
மின்கம்பியில் பாதி காலி.
வீரபெருமாள் டிராக்டரை நிறுத்தி,
ஆறாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்,
போட்டோ இரண்டு வேண்டுமாம் என்றார்.
சட்டை எந்த நிறம் போடலாம் என்று கேட்டார்.