படிக்கணக்கு

வால்பராய்சோவில் தபால்காரிக்கு
முகவரி என்றால் படி.
கொர்தியேரா குன்றில் நீலத் தகர வீடு: நூற்றறுபத்தொன்று.
பல் டாக்டர் ஓயார்சூன்: எண்பத்தெட்டு, நடுவில் ஒன்று உடைசல்.
பதினேழு வருஷம் நான் எண்ணியதே இல்லை,
கால் எண்ணிக்கொள்ளும்.
இப்போது எண்ணுகிறேன்.

காய்ச்சல் மொத்தம் ஆறு நாள்.
பெரிய காய்ச்சலும் இல்லை;
மூன்றாம் நாளே எழுந்து சட்டை தேய்த்தேன்.
ஏழாம் நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள்
முப்பதாவது படியில் உட்கார்ந்து
மின்கட்டண ரசீதுகளை மடியில் பரப்பி
எது யாருக்கு என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெயர்கள் எங்கோ சிந்திப்போயிருந்தன.

அது ஆயிற்று, பதினான்கு மாதம்.

ரத்தம் எடுத்தார்கள். நுரையீரலைப் படம் பிடித்தார்கள்.
ஓடும் பட்டையில் ஏற்றி இறக்கினார்கள்.
"எல்லாம் நார்மல், சென்யோரா."
அந்த நார்மலைச் சுமந்துகொண்டு வீடு வந்து
காலணியோடு படுத்தேன்,
வியாழக்கிழமை வரைக்கும்.

மர்ராகெத்தா ரொட்டி வேகும்போது
தெருவுக்கே பசிக்கும். எனக்கு மட்டும்
ரப்பர் எரிகிறது.
எல்லாம் மனசுதான் என்கிறார் பக்கத்து வீட்டு நெல்டோ.
மனசு ஏன் ரப்பரை எரிக்க வேண்டும்?

புது டாக்டர் ஃபுயென்சாலிதா
உடம்பின் காவல் இன்னும் கலையவில்லை என்றாள்.
கிருமி உள்ளே இருக்கிறதா? தெரியாது.
அதன் துணுக்காவது? இருக்கலாம்.
எப்போது ஓயும்?
பேனாவை மூடினாள்.
தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
நம்பினேன்.

எங்கள் குன்றின் நாய்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது,
ஆளாளுக்கு எலும்பு போடுவோம்.
போன குளிர்காலத்தில் ஒருவன் தகரம் பிரித்து இறங்கி
ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.
துறைமுகத்தில் பிடித்தும்விட்டார்கள்.
நாய்கள்தான் விடவில்லை.
கொடியில் துணி அசைந்தால் குரைப்பு,
நிலா எழுந்தால் குரைப்பு,
ரேடியோ திரும்பி வந்தபோது அதைப் பார்த்தும்.
ஒருநாள், எலும்பு போட்ட கையையே
கவ்விவிட்டது ஒன்று.
என் கைதான். தழும்பு இருக்கிறது.

ராத்திரி முழங்காலுக்குள், மணிக்கட்டுக்குள்,
கண்ணுக்குப் பின்னால்
அதே சத்தம்.
திட்ட வாய் வரவில்லை.
எனக்காகத்தானே கத்துகின்றன, முட்டாள்கள்.

நேற்று நாற்பத்துநான்கு. இன்று நாற்பத்தொன்று.
என் பையை இப்போது நிக்கானோர் சுமக்கிறான்.
ஓயார்சூனின் கடிதங்களை
நீலத் தகர வீட்டில் போடுகிறான், தினமும்.
ஜன்னலிலிருந்து ஒரு குரல் கொடுக்கலாம்.
கொடுத்தால்
நாளைக்கு முப்பது.