பூச்சியம் தசம் இரண்டு

ஒக்டோபர் முழுக்க இசர்லோனில் மழை.
பதினேழாம் இலக்கக் கராஜில்
தகரக் கூரைக்குக் கீழே
நானும், தொண்ணூறாம் ஆண்டுக் கோல்ஃப் ஒன்றும்,
முன்னேறாத ஒரு முள்ளும்.

பூச்சியம் தசம் ஏழு வரவேண்டும் அமுக்கம்.
இரண்டில் நிற்கிறது.
மூன்றாம் கியரில், ஏற்றத்தில்,
தரையைத் துளைக்கிற மாதிரி மிதித்தாலும்
இரண்டு.
கந்தோரில் கையெழுத்துக்குக் காத்திருப்பவன் போல
அப்படியே இருக்கிறது முள்.

இரவு வேலை முடிந்து
திருகாணித் தொழிற்சாலையின் எண்ணெய் மணம் போகமுதல்
வேறோர் எண்ணெய்க்குள் கைவைப்பேன்.
மூட்டுக்கு மூட்டு சவர்க்காரத் தண்ணீர் பூசி
காற்றடித்துப் பார்த்தேன்.
ஒரு குமிழி வரவில்லை.
வந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.
பிளக் மாற்றினேன். காஸ்கட் மாற்றினேன்.
வேஸ்ட்கேட்டைக் கம்பியால் கட்டினேன்.
கடைசியாக டேர்போவின் தண்டை விரலால் ஆட்டினேன்.
ஆடியது.
ஆடியதா?
மயிரளவு.
மயிரளவு போதும், ஒருத்தனைக் கள்ளனாக்க.

ஷ்வேர்ட்டவில் அதை எனக்கு விற்றவர் வீபுஷ்.
பழைய பத்திரிகையில் சுற்றி
பிள்ளையைத் தருகிற மாதிரி
இரண்டு கையாலும் தந்தவர்.
அவருக்கு எழுதினேன்.
கோபத்தில் மட்டும் என் ஜெர்மன் இலக்கணம் பிழைப்பதில்லை.
தேய்ந்த சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

மறுமொழி ஒரே வரி:
"குழாய்களுக்குள் பார்த்தீர்களா?"

இருபத்தொரு வருஷம் இரும்போடு கிடக்கிறவனிடம்
குழாயைக் கேட்கிறார்!
பத்தாம் இலக்கச் சாவியைத் தூக்கி எறிந்தேன்.
இன்னும் கிடைக்கவில்லை.
ஐந்தாம் நாள் என் கணக்குக்கு
இருநூற்று இருபது யூரோவும் திரும்பி வந்தது.
குறிப்பு எழுதும் இடம் வெறுமை.

பார்த்தாயா, என்றேன் தயாளினியிடம்,
குற்றமுள்ள நெஞ்சு.
அவள் அலுமாரிக்குள் தலையை விட்டபடி,
"உங்கட நீலச் சாரத்தில பாதிதான் கிடக்கு,
மற்றப் பாதி எங்க?" என்றாள்.
இரண்டு பேரும் வெவ்வேறு வழக்குப் பேசுகிறோம்
என்று நினைத்தேன்.

நவம்பரில் எல்லாவற்றையும் விற்றுவிட முடிவெடுத்து
இன்டர்கூலரைக் கழற்றினேன்.
குழாயைக் கவிழ்த்துத் தட்ட
கொஞ்சம் தூசி,
செத்த சிலந்தி ஒன்று,
பிறகு மெல்ல, எண்ணெயில் ஊறி,
நீலத்தில் வெள்ளைக் கட்டம்.

ஆகஸ்டில் நானே அடைத்தது.
தூசி போகக்கூடாதென்று.
அவ்வளவு கவனமாக.

யாரும் பார்த்தார்களா என்று
பக்கத்துக் கராஜை எட்டிப் பார்த்தேன்.
பூட்டு. மழை. அவ்வளவுதான்.

திரும்பப் பூட்டி ஓடினேன்.
லெட்மாத்த ஏற்றத்தில் முள் எழும்பியது,
மூன்று, ஐந்து, ஏழு.
கேத்தில் கொதிக்கமுதல் இழுக்கிற
அந்த மெல்லிய விசில்.
எத்தனை மாதம் நித்திரையில் கேட்ட சத்தம்!
இப்போது காது கொடுக்க முடியவில்லை.
இருநூற்று இருபது, இருநூற்று இருபது
என்றே அது விசிலடித்தது.

சனிக்கிழமை ஷ்வேர்ட்டவுக்குப் போனேன்.
காசு உறையில். மன்னிப்பு வாயில்,
வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துப் பாடமாக்கியது.
தமிழிலும் அது கடைசியில்தான் வரும்.
ஆனாலும் வரவில்லை.

வீபுஷ் வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்தார்.
நான் வாய் திறக்க, கையை உயர்த்தினார்.
எஞ்சினை நிறுத்தாமல் விட்டிருந்தேன்.
தலையைச் சரித்து
என்னையல்ல, அதைக் கேட்டார்.
பொனெற்றைத் திறக்கச் சொன்னார்.
இரண்டு விரலால் ஒரு கிளாம்பைத் தொட்டு
"இது தளர்வு" என்றார்.

தளர்வுதான்.

பத்தாம் இலக்கச் சாவி இருக்கிறதா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
ஏன் இல்லை என்பதிலிருந்துதான்
தொடங்கவேண்டியிருந்தது.