விளிம்பில் பட்டாலும்

மாவட்ட ஊழியர் விளையாட்டு விழாவில்
பெண்கள் இரட்டையருக்கு ஆளில்லையென்று
எங்களைக் கேட்காமலே பெயர் எழுதி அனுப்பிவிட்டார்
தலைமை எழுத்தர்.
எனக்குக் கேரம் தெரியும். மைமூனுக்கு அதுவும் தெரியாது.
பதினேழு நாள் இருந்தது.

நீடாமங்கலம் பாசனப் பிரிவு அலுவலகத்தில்
ஆயக்கட்டு வரைபடம் விரிக்க ஒரு நீள மேசை உண்டு.
வரைபடத்தைச் சுருட்டினோம்.
குறுக்கே பழைய நீர்மட்டப் பதிவேடுகளை நிறுத்தினோம்,
தொண்ணூற்றொன்று முதல் தொண்ணூற்றேழு வரை.
முதல் பந்து தொண்ணூற்றுமூன்றில் மோத
வருடங்கள் எல்லாம் சரிந்து விழுந்தன.
பிறகு கொசுவலையைக் கிழித்துக் கட்டினோம்.

விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினாள் மைமூன்,
'பொருள்: மேசைப்பந்து – தொடர்பாக' என்று தலைப்பிட்டு.

விரித்த உள்ளங்கையில் பந்து இருக்க வேண்டும்.
விரல் மடங்கக் கூடாது, மறைக்கக் கூடாது.
முக்கால் சாணாவது மேலே எழும்ப வேண்டும்.
அடித்தால் முதலில் உன் பக்கம் ஒரு குத்து,
அப்புறம்தான் எதிர்ப்பக்கம்.
'தனக்கு மிஞ்சித்தான் தானமா' என்றாள்.
'தலைமடை பாயாமல் கடைமடை ஏது' என்றேன்.

சர்வ் வலையை உரசிக்கொண்டு சரியாக விழுந்தால்
யாருக்கும் புள்ளி இல்லை. மறுபடி போடலாம்.
இந்த விதியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.
போன ஆடியில் ராத்திரி இரண்டு மணிக்கு
தப்பான ஷட்டரை இறக்கியவள் நான்.

ஆளுக்கு இரண்டு சர்வ், மாற்றி மாற்றி.
அது புதிதில்லை.
கோரையாற்றுக்கு ஆறு நாள், பாமணியாற்றுக்கு ஆறு நாள்,
முறை வைத்துத் திறக்கிற சக்கரத்தின் கிரீஸ்
என் கையில் இன்னும் போகவில்லை.
பத்துக்குப் பத்து வந்துவிட்டால் ஆளுக்கு ஒன்றுதான்.
தை பிறந்து ஆறு மெலிந்ததும்
நாங்களும் அப்படித்தான் மாற்றுவோம்.

இரட்டையரில் அடித்தவள் உடனே விலக வேண்டும்,
அடுத்த பந்து கூட்டாளிக்கு.
விலகத் தெரியாமல் மூன்று நாள் முட்டிக்கொண்டோம்.
அவள் வளையல் இரண்டு உடைந்தது.

ஒன்பதாம் நாள் மதியம்
மனுவோடு வந்து நின்றார் காத்தமுத்து,
முத்துப்பேட்டைப் பக்கம், கடைசி மடை.
'தண்ணிதான் வரல. பந்தாவது வருதா?'
சொல்லி வாய் மூடுமுன்
மேசை முனையைத் தொட்டுத் தெறித்த பந்து
அவர் செருப்பருகே உருண்டது.
'அவுட்டா?'
'விளிம்பில் பட்டால் புள்ளி உண்டுங்க.
கீழே பக்கவாட்டில் பட்டால் இல்லை.'
குனிந்து மேசையின் ஓரத்தை
விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.
'எங்க ஊரும் விளிம்புதாம்மா.
பட்டதாத்தான் ஏட்டுல எழுதியிருக்கீங்க.
வந்து பாருங்க, பக்கவாட்டுல போவுது.'
மனுவை மட்டைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

திருவாரூரில் எதிரே வருவாய்த் துறை.
முதல் ஆட்டம் மூன்றுக்குப் பதினொன்று.
இரண்டாவதில் எப்படியோ ஒன்பதுக்குப் பத்து.
என் அடி. பந்து அவர்கள் முனையில் டொக்கென்று தெறிக்க
நடுவர் எங்கள் பக்கம் கை உயர்த்தினார்.
மைமூன் குதித்தாள்.
சத்தம் மேலிருந்து வரவில்லை,
எனக்குத் தெரிந்தது.
'பக்கவாட்டு சார்' என்றேன்.

பேருந்தில் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
கொரடாச்சேரி தாண்டி ஒரு பொட்டலம் கடலை பிரித்தாள்.
எனக்குப் பாதி.
'சர்வாவது உனக்கு ஒழுங்கா விழுந்துச்சு' என்றாள்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு
முத்துப்பேட்டைப் பக்கம் போனேன்.
வாய்க்காலின் வாயில் ஈரம் இருந்தது,
விரல் நனைகிற அளவு.
மதகுக்கு அப்பால் வெடித்த மண்.

பதிவேட்டில் கடைமடைக் கட்டத்தில்
'படவில்லை' என்று எழுதினேன்.
பொறியாளர் கூப்பிட்டிருக்கிறார்.
மைமூன் வலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.