முடிச்சு

காக்கியில் ஏறிய செம்மண் லேசில் போகாது.
சாம்பல் நீரில் ஊறவைத்து
பனையெண்ணெய்ச் சோப்பு போட்டுக் கசக்க வேண்டும்.
அதற்கு முன்னால்
பைகளைத் தலைகீழாய் உதறுவேன்.

ஒரு முறை கோழி இறகு.
ஒரு முறை, யார் வீட்டுப் பிள்ளையுடையதோ,
அறுந்த இடுப்பு மணிச்சரம்.
கேட்டேன். "அபராதம்" என்றார்.
எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளைக்காரன் வந்த புதிதில்
உங்கள் ராஜா யார் என்றானாம்.
ராஜாவா?
உமுவேகேயில் வழக்கென்றால் எல்லாரும் பேசுவார்கள்,
தொண்டை வற்றும், பொழுது சாயும்,
அவ்வளவுதான் எங்கள் ராஜாங்கம்.
அவன் நம்பவில்லை.
துப்பாக்கியைப் பார்த்துப் பெரிய தலைகள் பதுங்க,
போனால் போகட்டும் என்று ஊர் முன்னே தள்ளிய ஆள்
அனோசிகே.
விதைக்கிழங்கைக் கடன் வாங்கித் தின்றவன்.
கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள்.
அதைத் தலைகீழாகப் பிடித்தபடியே
ஏழு பெண்டாட்டி கட்டினான்.

காகிதம் நடக்காதே, அதற்குக் கால் வேண்டும்.
என் புருஷன் உவாடி அதன் கால்.
சிவப்புத் தொப்பி, பித்தளை வில்லை,
மாதம் பிறந்தால் ஷில்லிங்.
அந்த ஷில்லிங்கில் வேய்ந்த தகரத்தின் கீழேதான்
என் மூன்று பிள்ளைகளும் நனையாமல் தூங்குகின்றன.
இதை நான் மறைக்கப்போவதில்லை.

போன ஓரியே சந்தைக்கு மறுநாள்
பையிலிருந்து விழுந்தது ராஃபியா நார்.
நீளமாக, முடிச்சு முடிச்சாக.
எழுதத் தெரியாதவரின் கணக்கு.
"ஆடா?"
"பெண்கள். எண்ணச் சொல்லி உத்தரவு."
"எண்ணி?"
பேசவில்லை.
"இதில் நான் எங்கே?"
கடைசி முடிச்சைத் தொட்டுக் காட்டினார்.
மற்றதைவிடக் கொஞ்சம் இறுக்கிப் போட்டிருந்தார்,
அவிழ்ந்துவிடக் கூடாதென்று.

நாரை அவரிடம் திருப்பித் தரவில்லை.
கிழங்குக் கூடைக்கு அடியில் வைத்து
இங்போரியேவிடம் கொடுத்தேன்.
அவள் ஆற்றுத்துறையில் அடுத்தவளிடம்.
ஒவ்வொருத்தியும் தன் முடிச்சைத் தடவிப் பார்த்திருப்பாள்.

இன்றிரவு அனோசிகேயின் மண்சுவரைச் சுற்றி
உலக்கைகள்.
தலையில் பனங்குருத்து சுற்றியிருக்கிறோம்.
பாட்டில் முதலில் அவன் தின்ற விதைக்கிழங்கு வந்தது,
பிறகு ஏழு பெண்டாட்டிகள்
(அவர்களில் நாலு பேர் எங்களோடுதான் பாடுகிறார்கள்),
பிறகு, இழுத்துப் பறித்த கோழிகள்.
அங்கே பாட்டு சற்றுத் தயங்கியது.
என்னைப் பார்த்தார்கள்.

உவாடி என்ற பெயரை
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக் கொடியில் அவர் சட்டை
விறைத்துக் காய்ந்திருக்கும் இந்நேரம்.
மடிக்காமல் வந்துவிட்டேன்.