நாலு மைக்ரோ ஆம்பியர்

தமாம். ஆகஸ்ட். விடியற்காலை மூன்று பத்து.
வெளியே காலெடுத்து வைத்தால் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும்,
கடல் எழுந்து தெருவில் நிற்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி. ஸ்வெட்டர். ஆறிப்போன சுலைமானி.
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அந்தப்பக்கம்
சைக்ளோட்ரான் எதையோ சுழற்றிக்கொண்டிருக்கிறது.
எனக்குத் தெரிவதெல்லாம்
திரையில் நான்கு எண்கள்.

கதிரை எப்படி அளப்பீர்கள் என்று
சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள்.
ஒரு வழி சுலபம்.
குறுக்கே செம்புத் துண்டை நீட்டினால் வந்து மோதும்,
எண்ணிக்கொள்ளலாம்.
ஆனால் எண்ணியது எதுவும் போய்ச் சேராது.

இன்னொன்றுக்கு ஒரு கரித்தாள்,
ஊதினால் கிழியும்.
ஓடிவரும் ஒவ்வொன்றும் அதைத் துளைக்கும்போது
இரண்டு எலக்ட்ரான்களைக் கழற்றிப் போட்டுவிட்டு
எதிர்த்திசையில் வளைந்து வெளியேறிவிடும்.
கிடப்பதை எண்ணி இரண்டால் வகுத்தால்
போனவர்களின் கணக்கு.
வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில்
செருப்புகளை எண்ணி
உள்ளே எத்தனை பேர் என்று சொல்கிற மாதிரிதான்.

இன்று கரித்தாளில் எண்பத்தெட்டு.
பாதி, நாற்பத்து நாலு.
ஓரங்களில் உரசித் தொலைவது, இந்தப்பக்கம் மூன்று, அந்தப்பக்கம் மூன்று.
இலக்கில் முப்பத்தெட்டு இருக்க வேண்டும்.
முப்பத்து நாலு காட்டுகிறது.

மறுபடி கூட்டினேன்.
விரல்விட்டும் கூட்டினேன், வெட்கமில்லை.

மிஷால் போனில், தூக்கக் குரலில்:
"ஏற்றிவிடு. முப்பத்தெட்டு வரும்வரை ஏற்று."
அவன் என்ஜினியர், நான் ஷிஃப்ட் ஆள்.
ஏற்றலாம். ஒரு குமிழைத் திருப்புகிற வேலை.
ஆனால் இலக்குக்குள் இருப்பது இரண்டரை மில்லி தண்ணீர்,
தங்கத்தைவிட விலை.
அதை மூடியிருப்பது ஒரு தகடு.
மீட்டர் பொய் சொல்லி, அந்தப் பொய்க்கு நான் ஈடுகட்டினால்
தகடுதான் பதில் சொல்லும்.

"ஏற்றவில்லை" என்றேன்.
"எழுதிவை, நீதான் சொன்னாய் என்று."
எழுதிவைத்தேன். நேரமும் போட்டேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரோவீனா,
கையுறை மாட்டி, கழற்றி, மாட்டிக்கொண்டிருந்தாள்.
பட்டியலில் இங்கே ஒன்பது பேர், ஹுஃபூபில் ஏழு.
நேற்றிரவிலிருந்து சாப்பிடாமல் படுத்திருப்பவர்கள்.
நாங்கள் செய்கிற மருந்துக்கு
நூற்றுப் பத்து நிமிடத்தில் பாதி ஆயுள் போய்விடும்.
ஹுஃபூபுக்கு வண்டி போக ஏறக்குறைய அவ்வளவு நேரம்.
அதனால் இரட்டிப்பாக அனுப்புவோம்,
பாதி சாலையிலேயே தீர்ந்துகொள்ளட்டும் என்று.

நாலு எங்கே?
கதிர் எங்கும் ஒளிய முடியாது. சுவரில் பட்டிருந்தால்
கதிர்மானி கத்தியிருக்கும். அது சும்மா இருந்தது.
அப்படியென்றால் கதிர் போய்ச் சேர்ந்திருக்கிறது,
சேர்ந்த செய்திதான் வரவில்லை.

பம்ப் அறைக்கு ஓடினேன்.
இலக்கைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிற குழாய்.
அந்தத் தண்ணீருக்கு எதுவும் தெரியக் கூடாது,
உப்பு கூடாது, செம்பு கூடாது, மின்சாரம் கூடவே கூடாது.
ஒரு துளி சுவை ஏறினாலும்
மீட்டருக்குப் போக வேண்டியதைக்
கமுக்கமாகத் தரையில் விட்டுவிடும்.
காட்டி முள் சிவப்புக்குள் இருந்தது.
ரெசின் உருளையின் அடியில் பச்சைக் கறை.
மாற்ற வேண்டிய தேதி
என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. ஜூன்.

நாலே முக்காலுக்குக் கதிரை நிறுத்தினேன்.
ரோவீனா குப்பியை அளவைக் கிணற்றில் இறக்கினாள்.
எண் ஏறிற்று, தயங்கிற்று, நின்றது.
முப்பத்தெட்டுக்கு என்ன வர வேண்டுமோ அது.
கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

குல்ஜமான் ஈயப் பானையைப் பின்சீட்டில் வைத்து
பெல்ட் மாட்டினார், பிள்ளைக்கு மாட்டுவதுபோல.
பனிமூட்டத்தில் பின்விளக்கு இரண்டும்
வளைவுக்கு முன்பே கரைந்தன.

பதிவேட்டில் இன்னும் ஒரு வரி இடமிருந்தது.
காணாமல் போனது: நாலு.
எங்கே: தண்ணீரில்.
யார் தவறு என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
என் பெயரை எழுதினேன்.
மை ஈரத்தில் லேசாகப் படர்ந்தது.