மாடிக்கு இருபது காசு

சனிக்கிழமை, நாலரை மணி.
செந்தூல் அடுக்ககம், சி பிளாக்,
கீழ்த்தளத்தில் ருக்குன் தெத்தாங்கா அறை.
சாவி பாக்சிக் ஜமாலிடம்.
அவர் அசர் தொழுதுவிட்டு வரும்வரை
வாசலிலேயே நடக்கும் ஏழாம் வாய்ப்பாடு.

பதினொரு பிள்ளைகள்.
ஒருத்தி தம்பியை இடுப்பில் இருத்தி
மிச்சமிருக்கும் கையால் பின்னத்தைச் சுருக்குகிறாள்.
ஒருவன் மைலோவுக்கு மட்டும் வருகிறான்,
அதை மறைப்பதும் இல்லை.

எனக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை.
ஐந்து நாளும்
'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்கள்.
ஆறாம் நாள் நீ இங்கே வருவது அதனால்தானா என்று
சித்ரலேகா ஒருமுறை கேட்டாள்.
மார்க்கர் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

கேள்வி ஏழு:
ஒரு லிஃப்ட் மூன்று மாடி ஏறப்
பன்னிரண்டு வினாடி எடுத்துக்கொள்கிறது.
கீழ்த்தளத்திலிருந்து பதினேழாவது மாடிக்கு
எத்தனை வினாடி?

தேவிந்திரன், இரண்டாம் படிவம்,
பென்சிலை அழுத்தி எழுதியிருந்தான்:
லிஃப்ட் ரோசாக்.

பின்வரிசை சிரித்தது. நானும்தான்.
சிரித்துக்கொண்டே சிவப்பில்
ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை
அவன் வரவில்லை.

நான்காம் சனி நானே போனேன்.
லிஃப்ட் கதவில் தொங்கிய அட்டையில்
யாரோ ஒரு பூனை வரைந்திருந்தார்கள்,
வால் மட்டும் இன்னும் பாக்கி.
மாடிக்குப் பதினாறு படி.
எட்டாவதில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
பதினொன்றில் ஒரு மக்சிக்
தன் வாசல் நாற்காலியை என் பக்கம் தள்ளி
'டூடோக் டூலு' என்றார்.
உட்கார்ந்தேன்.

கீழே இரும்பு படியில் மோதும் சத்தம்.
சத்தம் ஏறி ஏறி
கேஸ் தோம்பாக வந்தது.
முன்னால் அவன், பின்னால் அவன் அண்ணன் மோகனேஸ்.

'ஓரம் டீச்சர், ஓரம்.'

வணக்கம் சொல்ல அவனுக்குக் கை இல்லை.

திரும்பி இறங்கும்போதுதான் நின்று பேசினான்,
விலைப்பட்டியலோடு:
பத்துக் கிலோ அரிசின்னா
அஞ்சு மாடி வரைக்கும் ஒரு வெள்ளி,
அதுக்கு மேல மாடிக்கு இருபது காசு.
தோம்புக்கு ரெட்டிப்பு.
மாசமா இருக்கிறவங்களுக்குச் சும்மா.

'பதினேழுக்கு?'

'அரிசி மூணு நாப்பது, தோம்பு ஆறு எம்பது.'
நான் வாயை மூடுவதற்குள்.

கணக்கு நோட்டையும் காட்டினான்.
நாங்கள் கொடுத்த நோட்டுதான், பின்பக்கத்திலிருந்து.
கத்திஜா, ஒன்பதாவது மாடி, மூன்று வாரப் பாக்கி.
சின்னசாமி, பதினான்கு, அதற்கும் மேல்.
அலுவலகக் கண் தானாகவே விரலை நகர்த்தியது:
'இவங்க எப்பத் தருவாங்க?'
'கேக்கல, டீச்சர்.'
'ஏன்?'
என்னைப் பார்த்தான்,
ஏழாம் கேள்வியைப் பார்த்த அதே பார்வை.

வகுப்புக்கு வா என்று சொல்லத்தான் ஏறினேன்.
சொன்னேன்.
'லிஃப்ட் சரியானா வர்றேன்' என்று
மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கிவிட்டான்.
எனக்கு இறங்க அரைமணி ஆனது.

ஜூலையில் மாநகர் மன்ற ஆட்கள் வந்தார்கள்.
அட்டையைக் கழற்றினார்கள், பூனையோடு.
பிளாக்கே கைதட்டியதாம்.

அடுத்த சனி வந்தான்.
தொழில் படுத்த முதலாளி முகம்.
கடைசி நாற்காலி, யாரோடும் பேச்சில்லை,
மைலோ மட்டும் இரண்டு தடவை.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அந்தச் சந்தோஷத்தை
எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பழைய தாளையே மறுபடி கொடுத்தேன்.
ஏழாம் கேள்விக்கு
அறுபத்தெட்டு வினாடி என்று எழுதியிருந்தான்.
கீழே, பொடி எழுத்தில்:
நடுவில் யாரும் ஏறாவிட்டால்.