பதினெட்டு

கூடலூர் தாண்டி, லோயர்கேம்ப்புக்கு முன்னால்
பந்தலுக்குள் குனிந்துதான் போகவேண்டும்.
உயரமானவர்களை இந்த வேலைக்கு எடுப்பதில்லை என்று
மேனேஜர் சிரிக்காமல் சொன்னார்.

சட்டைப்பையில் ஒரு குழாய்.
அதன் கண்ணாடியில் ஒரு பழத்தை நசுக்கி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மேலே நீலம், கீழே வெள்ளை,
நடுவே ஒரு கோடு.
கோடு பதினெட்டில் நின்றால் ஒயின்.
குறைந்தால்
பழக்கடை, ஜூஸ், காசா மைதீனின் லாரி.

பொம்மையனுக்குப் பதினாறரை.

"நாலு நாள் விடுங்க" என்றேன்.
என் வாயில் நாலு நாள் சின்னதாக இருந்தது.
அவர் மேற்கே பார்த்தார்.
குமுளி மலைமேல்
யாரோ ஈரத்துணி உதறிப்போட்ட மாதிரி ஒரு மேகம்.
"அது ஒங்க கம்பெனியக் கேட்டுக்கிட்டா வருது?"

லாரி ரோட்டோரம் இன்ஜின் அணைக்காமல் நின்றது.
கோட்டயத்தில் கிறிஸ்துமசுக்குப் பரணி பரணியாக
வீட்டிலேயே ஊறப்போடுகிறார்கள்,
கோடும் வேண்டாம் குழாயும் வேண்டாம்,
கறுத்திருந்தால் போதும்,
சர்க்கரையை அவர்களே கொட்டிக்கொள்வார்கள்
என்றார் மைதீன், ரூபாயை எண்ணிக்கொண்டே.

சுருளியம்மா குழாயைக் கேட்டு வாங்கினார்.
ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை,
கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.
"துத்தம் அடிச்ச எலையாட்டம் நீலமாருக்கு.
பழத்தக் காணோமே."

பாதிப் பந்தலை வெட்டி லாரியில் ஏற்றினார்கள்.
மீதியை எனக்காக விட்டார்கள்.
எனக்காக என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மழை.
மேலே அணையில் ஓர் அடி ஏறியதென்று
டீக்கடையில் சந்தோஷப்பட்டார்கள்.
மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீரில்தான்
இங்கே எல்லாப் பந்தலும் நிற்கிறது.
குடைந்த வழியில் வராமல்
நேராக வந்ததுதான் தப்பு.

நாலாம் நாள் பழங்கள் தோல் கீறித் தொங்கின.
எறும்புகள் எனக்கு முன்னாலேயே அளந்துவிட்டிருந்தன.
நசுக்கினேன். பதினைந்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி.
பதினைந்து.
துடைத்ததை பொம்மையன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலையில் அன்றைக்கு ஆனைமலையன்பட்டிப் பழம்
தொட்டிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
காது வைத்தால் கேட்கும்,
சோறு கொதி வருவதற்கு முந்தைய சத்தம்.
அதன் பக்கத்தில் நின்று படிவத்தில் எண்ணை எழுதினேன்.
எண்ணுக்கு அடுத்து
காரணம் என்று ஒரு கட்டம்,
மூன்று விரல் அகலம்.

மழை என்று எழுதினேன்.
இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.